பொதுமையும் இழிவும்: 'கொமன்' என்ற ஆங்கிலச் சொல்லின் வரலாறு

ஆங்கில மொழியில் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் 'கொமன்' என்பதும் ஒன்றாகும். ஆரம்ப வகுப்பு மாணவனும் அறிந்த எளிய சொல் அது. ஆயினும் அகராதிகள் அதற்குத் தரும் பொருள்களை ஒருங்கு வைத்து நோக்குமிடத்து அந்த எளிமை மறைந்துவிடுகின்றது. எல்லோர்க்கும் உரியது, பலர் ஒப்பப் பங்குடையது, அடிக்கடி காணப்படுவது, சாதாரணமானது, குடிப்பிறப்பு இல்லாதது, மலிவானது, நாகரிகமற்றது என்று அதன் பொருள்கள் விரிகின்றன. பெயர்ச்சொல்லாக வருமிடத்துக் கிராமத்தவர் கால்நடைகளை மேயவிடும் வெளியை அது சுட்டும். பன்மையில் வரின் பிரித்தானியப் பாராளுமன்றத்தின் ஒரு சபையையும், பழைய கல்லூரிகளில் மாணவர்க்கு அளந்து வழங்கப்பட்ட உணவையும் குறிக்கும். உணவு போதாதிருத்தலைச் சொல்லும் ஆங்கில மரபுத்தொடரொன்று இப்பொருளிலிருந்தே பிறந்தது. மாணவர் விடுதிகளில் இன்றும் வழங்கும் 'கொமன் றூம்' அதே கல்லூரி வழக்கின் எச்சமாகும். அரசியலமைப்பின் உயர்பீடம் ஒன்றையும், ஒரு பெண்ணின் நடையுடையைப் பழிக்கும் வசையையும் ஒரே சொல் குறித்து நிற்பது விந்தையே.

அகராதி இப்பொருள்களுக்கு எண்ணிட்டு அவற்றை அமைதியாக அருகருகே நிறுத்திவிடுகின்றது. அவை தோன்றிய காலத்திலோ அத்தகைய அமைதி நிலவவில்லை. இச்சொல்லின் பொருளைப் பற்றி இங்கிலாந்தில் வழக்காடினர், மனுக் கொடுத்தனர், வேலிகளைப் பிடுங்கினர், தூக்கிலும் தொங்கினர். சமுதாயத்தை விளங்குவதற்குத் திறவுகோலாகும் சொற்களைத் தொகுத்து றேமண்ட் வில்லியம்ஸ் 1976 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இச்சொல்லுக்கும் ஓரிடம் அளித்தமை தற்செயலானதன்று. 'எல்லோர்க்கும் உரியது' என்ற பொருளுடைய ஒரு சொல் எவ்வாறு 'எவர்க்கும் உரியதன்று' எனவும் 'இழிந்தது' எனவும் பொருள்படலாயிற்று என்பதே இங்கு ஆராயற்பாலது.

சொல்லின் பிறப்பிலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும். இலத்தீன் மொழியின் 'கொம்மூனிஸ்' என்ற சொல் பழைய பிரெஞ்சின் வழியாக ஆங்கிலத்தினுட் புகுந்தது. 1066 ஆம் ஆண்டில் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் நீதி, நிருவாகம் முதலிய துறைகளில் பிரெஞ்சு ஆட்சிசெலுத்தியதும், அத்துறைச் சொற்கள் பல காலப்போக்கில் ஆங்கிலமானதும் அறிந்தவையே. 'கொம்மூனிஸ்' என்பதன் முன்பகுதி 'உடன்' என்ற பொருளைத் தருவது. பின்பகுதி 'மூனுஸ்' என்பதோடு உறவுடையது. கடமை, பணி, கொடை என்பன 'மூனுஸ்' என்பதன் பொருள்கள். ஆகவே இச்சொல்லின் அடிக்கருத்து சேர்ந்து நுகர்தல் மட்டுமன்று. சேர்ந்து சுமத்தலும் ஆகும். ஒரு பொருளிற் பங்குடையவன் அதற்கான கடமையிலும் பங்குடையவன் என்ற கருத்து அதனுள் அடங்கியிருந்தது. பிற்காலப் பொருள் மாற்றங்கள் யாவற்றிலும் முதலில் உதிர்ந்துபோனது இக்கடமைக் கருத்தே எனலாம்.

நோர்மானியர் வருமுன்னரே ஆங்கிலத்தில் இதே கருத்துக்கு ஒரு சொல் இருந்தது. பழைய ஆங்கிலத்தில் 'யெமேனெ' என வழங்கிய அச்சொல் இலத்தீன் சொல்லோடு ஒரே மூலத்திலிருந்து கிளைத்ததாகும். பிற்கால ஆங்கிலத்தில் அது 'மீன்' என்ற ஒலிவடிவைப் பெற்றது. இன்று அதன் பொருள் யாது? கீழானது, அற்பமானது, கஞ்சத்தனமானது, கொடுமனமுடையது என்பனவே. ஜெர்மன் மொழியின் 'கெமைன்' என்ற சொல்லும் பொதுவானது என்ற பொருளிலிருந்து இழிந்தது, கயமையானது என்ற பொருளுக்கு வந்தடைந்தது. பொதுசனத்தைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த 'வல்கர்' என்பதன் கதியும் இதுவே. தமிழும் இதற்கு முற்றிலும் புறம்பானதன்று. 'பொது' என்ற சொல் மன்றத்தையும் அவையையும் சுட்டும் மதிப்புக்குரிய சொல்லாக நிலைத்தபோதிலும், 'மகள்' என்பதோடு சேர்ந்தவிடத்து விலைமகளைக் குறிக்கலாயிற்று. இடைக்கால ஆங்கிலத்தில் 'கொமன்' என்பதைப் பெண் என்ற சொல்லோடு சேர்த்து வழங்கியபோதும் இதே பொருளே கிடைத்தது.

எனவே பொதுமையைக் குறிக்கும் சொல் இழிவடைதல் ஒரு மொழிக்கோ ஒரு நாட்டுக்கோ உரிய விபத்தன்று. மேலோர் கீழோர் என்ற பாகுபாடு நிலவும் சமுதாயத்தில் எல்லோரிடமும் இருப்பது கீழோரிடமும் இருப்பதாகும். கீழோரிடம் இருப்பதை மேலோர் விரும்புவதில்லை. பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலத்திலேயே இச்சொல் குடிப்பிறப்பற்றோரைச் சுட்டவும் வழங்கியது. ஆகவே பிற்கால நிலப்பறிப்பே இவ்விழிபொருளை முதன்முதல் தோற்றுவித்தது என வாதிடுதல் பொருந்தாது. எனினும் உயர்ந்த பொருளும் தாழ்ந்த பொருளும் நெடுங்காலம் சமநிலையில் இருந்தன. அச்சமநிலை குலைந்த முறையிலேயே வரலாற்று மாணவனுக்குரிய செய்தி உள்ளது.

உயர்ந்த பொருள் சட்டத்துறையில் நிலைபெற்றது. இரண்டாம் ஹென்றி மன்னன் (1154–1189) தன் நீதிபதிகளை நாடெங்கும் அனுப்பி, ஊருக்கு ஊர் வேறுபட்ட வழமைகளுக்கு மேலாக இராச்சியம் முழுமைக்கும் பொதுவான ஒரு சட்டம் வளர வழிசெய்தான். அதுவே பொதுச் சட்டம் எனப் பெயர்பெற்றது. 1215 ஆம் ஆண்டின் மகா சாசனம், மன்னனுக்குத் தொடர்பற்ற, குடிகளுக்கிடையிலான வழக்குகளைப் 'பொது வழக்குகள்' எனச் சுட்டி, அவை மன்னன் செல்லுமிடமெல்லாம் அலையாது ஓரிடத்தில் விசாரிக்கப்பட வேண்டும் என விதித்தது. பாராளுமன்றத்தின் கீழ்ச்சபைக்கு வந்த பெயரும் இக்காலச் சூழலிற் பிறந்ததே. அச்சபையைச் சாதாரண மக்களின் சபை எனப் பொருள்கொள்வோர் பலர். தொடக்கத்தில் அப்பெயர் மக்களையன்றிச் சமூகங்களையே குறித்தது. கோட்டங்களும் நகரங்களும் தனித்தனிச் சமூகங்களாகக் கருதப்பட்டன. அவற்றின் சார்பில் வந்தோர் கூடிய சபை அது. கோட்டங்களின் சார்பில் வந்தவர்கள் நிலமுடைய வீரப்பெருமக்களேயன்றி ஏழைகள் அல்லர். ஆண்கள் யாவரும் வாக்குரிமை பெற 1918 வரையும், பெண்கள் அவர்களோடு சமவுரிமை பெற 1928 வரையும் காத்திருக்க நேர்ந்தது.

நிலத்தைப் பொறுத்தவரை இச்சொல்லின் பொருள் இன்னும் நுட்பமானது. ஆங்கிலக் கிராமத்தின் 'கொமன்' எல்லோர்க்கும் சொந்தமான நிலமன்று. உரிமையாளர் அற்ற நிலமுமன்று. பெரும்பாலும் நிலப்பிரபுவே அதன் உடைமையாளன். ஆனால் அக்கிராமத்தில் குறித்த வீட்டையோ வயலையோ உடையவர்களுக்கு அந்நிலத்தின்மேல் சட்டத்தால் ஏற்கப்பட்ட உரிமைகள் இருந்தன. மாடும் ஆடும் மேயவிடுதல், விறகும் பன்னமும் வெட்டுதல், எரிப்பதற்குச் சதுப்பு நிலக் கரிமண் எடுத்தல், உதிரும் ஓக் விதைகளைத் தின்னப் பன்றிகளை விடுதல், மீன் பிடித்தல் என்பன அவை. மகா சாசனத்துக்கு இரண்டாண்டுகளின் பின்னர், 1217 இல் வெளியான வனச் சாசனம் அரச வனங்களில் இத்தகைய உரிமைகளை எழுத்தில் உறுதிசெய்தது. மகா சாசனத்தை அறிந்தோருள் வனச் சாசனத்தை அறிந்தோர் சிலரே. உழவனின் அடுப்போடும் மாட்டோடும் நெருங்கிய சாசனம் எதுவெனின் பின்னையதே.

இவ்வுரிமைகளுக்கு எல்லையும் இருந்தது. ஒருவர் எத்தனை மாடு விடலாம், எந்நாளில் விடலாம், பன்றியின் மூக்கில் வளையம் இடவேண்டுமா என்பனவற்றையெல்லாம் கிராம மன்றுகள் விதித்தன. விதியை மீறியோருக்குத் தண்டம் அறவிட்டன. நுகர்தலோடு சுமத்தலும் சேர்ந்த பழைய பொருள் இம்மன்றுகளின் பதிவேடுகளில் உயிரோடிருந்தது.

உரிமையாளர்களுக்குப் போதிய மேய்ச்சல் எஞ்சியிருப்பின் பிரபு மிகுதியை வேலியிட்டுக்கொள்ளலாம் என 1235 ஆம் ஆண்டின் மேற்றன் சட்டம் இடங்கொடுத்தது. 'போதியது' எவ்வளவு என்ற கேள்வி பின்வந்த நூற்றாண்டுகள் பலவற்றுக்கும் வழக்காயிற்று. கம்பளி வாணிகத்தின் இலாபம் வளர்ந்த காலத்தில் வேலிகளும் வளர்ந்தன. தோமஸ் மோர் 1516 இல் வெளியிட்ட 'உற்றோப்பியா'வில் சாதுவான ஆடுகள் மனிதரையே விழுங்கத் தொடங்கிவிட்டன என்று எள்ளியது இதனைக் கண்டே.

இச்சொல்லின் வரலாற்றில் 1549 ஆம் ஆண்டுக்குத் தனியிடம் உண்டு. அவ்வாண்டு யூன் மாதத்தில் இங்கிலாந்துத் திருச்சபை முழுவதற்கும் ஒரே வழிபாட்டு நூல் நடைமுறைக்கு வந்தது. இலத்தீனை நீக்கி ஆங்கிலத்தில் அமைந்த அந்நூலின் பெயர் 'பொதுச் செபநூல்'. நாடு முழுவதும் எல்லோரும் கூடி ஒரே மொழியிற் சொல்லும் செபம் என்பதே அப்பெயரின் கருத்து. அந்நூலை எதிர்த்து டெவன் பகுதியிலும் கோண்வோலிலும் குடியானவர் கிளர்ந்தெழுந்து எக்சிற்றர் நகரை முற்றுகையிட்டனர். தம்முட் சிலர்க்கு ஆங்கிலமே விளங்காது எனக் கோண்வோல் மக்கள் முறையிட்டனர். அரசு பொதுவென அறிவித்த மொழி அவர்களுக்குப் பொதுவானதாக இருக்கவில்லை. நாட்டின் ஒரு மொழியை யாவர்க்கும் பொதுமொழி என விதித்தல் அம்மொழி பேசாதோர்க்கு எத்தகையது என்பதை ஆட்சியாளர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. கிளர்ச்சி இரத்தத்தில் அடக்கப்பட்டது.

அதே கோடையில் நாட்டின் மறுகோடியில், நோபோக் பகுதியில், வேறொரு பொதுமைக்காக மக்கள் எழுந்தனர். யூலை மாதத்தில் விமண்டம் என்ற ஊரில் வேலிகளைப் பிடுங்கத் தொடங்கியவர்கள் றொபேட் கெற் என்பவரின் நிலத்தையும் அடைந்தனர். கெற் நிலமும் செல்வமும் உடையவர்; தாமும் வேலியிட்டவர். வந்தவர்களின் முறைப்பாட்டைக் கேட்டு, அது நியாயமென ஏற்று, தம் வேலியைத் தாமே பிடுங்கி எறிந்து, அவர்களுக்குத் தலைமையும் தாங்கினார். நோர்விச் நகரை அடுத்த மவுசோல்ட் என்ற பொதுவெளியில் பல்லாயிரவர் பாளயமிட்டனர். ஓர் ஓக் மரத்தின் கீழ் மன்று கூடியது. இருபத்தொன்பது கோரிக்கைகள் அடங்கிய மனு எழுதப்பட்டது.

அம்மனு ஊன்றிப் படிக்கத்தக்கது. நிலங்கள் யாவும் எல்லோர்க்கும் உரியவாதல் வேண்டும் என அது கேட்கவில்லை. பிரபு எவனும் பொதுவெளியைத் தானும் பொதுவாக நுகரலாகாது என்று கேட்டது. இக்கோரிக்கையில் 'கொமன்' என்ற சொல் பெயராகவும் வினையாகவும் அடுத்தடுத்து வருகின்றது. செல்வந்தரின் பெருமந்தைகள் சிறியோரின் மேய்ச்சலைத் தின்று தீர்த்ததே முறைப்பாடு. அடிமைக் குடிகள் விடுவிக்கப்பட வேண்டும் என்பது மற்றொரு கோரிக்கை. காப்பாளராக இருந்து ஆட்சிசெய்த சமர்செற் கோமகன் வேலியடைப்பை விசாரிக்க 1548 இல் ஆணைக்குழு அமைத்தவராதலால் அரசு தம் பக்கமே என இம்மக்கள் நம்பியிருந்தனர். ஓகஸ்ற் 27 ஆம் நாள் டசின்டேல் என்ற இடத்தில் அரசபடை அவர்களை வெட்டி வீழ்த்தியது. டிசெம்பரில் கெற் நோர்விச் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். நானூறு ஆண்டுகள் கழித்து, 1949 இல், அதே கோட்டையில் அவரை மதித்து ஒரு கல் பதிக்கப்பட்டது.

இக்கலகத்துக்கு முன்னரே இச்சொல்லின் ஆபத்தை ஓர் அறிஞர் உணர்ந்திருந்தார். சேர் தோமஸ் எலியட் 1531 இல் எழுதிய ஆட்சிநூலில், 'றெஸ் பப்ளிக்கா' என்ற இலத்தீன் தொடரை மொழிபெயர்க்கக் 'கொமன்' என்ற சொல்லைக் கையாளலாகாது என வாதிட்டார். அச்சொல்லைக் கையாண்டால் உடைமைகள் யாவும் எல்லோர்க்கும் பொதுவாதல் வேண்டும் என்றோ, ஆட்சி கீழ்மக்களுக்கே உரியது என்றோ பொருள்படும் என்பது அவர் அச்சம். மொழிபெயர்ப்புப் பற்றிய விவாதம் போலத் தோன்றினும் இது உண்மையில் அதிகாரத்தைப் பற்றிய விவாதமே. எலியட்டின் ஆலோசனை நிலைக்கவில்லை. 'கொமன்வெல்த்' என்ற சொல்லே வழக்கில் வென்றது. 1649 சனவரியில் முதலாம் சார்ள்ஸ் மன்னன் சிரச்சேதம் செய்யப்பட்டபின், மே மாதத்தில் பாராளுமன்றம் இங்கிலாந்தை ஒரு 'கொமன்வெல்த்' எனச் சட்டமியற்றிப் பிரகடனஞ் செய்தது.

எலியட் அஞ்சியது நேர்ந்ததா? அதனைச் சோதிப்பார் போல, அவ்வாண்டு ஏப்பிரில் முதலாம் நாள், ஜெரட் வின்ஸ்ரன்லி என்பவரும் அவரது கூட்டாளிகளும் சறே பகுதியிலுள்ள சென்ற் ஜோர்ஜ் குன்றின் தரிசு நிலத்தைக் கொத்திக் கறிவகைகளைப் பயிரிடத் தொடங்கினர். பூமி எல்லோர்க்கும் பொதுவான கருவூலம் என்பது அவர்கள் கொள்கை. வேலிகளை அவர்கள் பிடுங்கவில்லை, எவரையும் தாக்கவில்லை. அயலிலிருந்த நிலக்காரர் அவர்களை அடித்தனர், பயிரை அழித்தனர், வழக்கிட்டனர். அவர்கள் அயற்கிராமத்துக்கு ஒதுங்கிச் சென்றபோதும் 1650 ஏப்பிரிலில் குடிசைகள் எரிக்கப்பட்டன. பொதுமையின் பெயரைத் தாங்கிய அரசு பொதுமையை வாளாவிருந்தே அழியவிட்டது. அக்குன்று பிற்காலத்தில் செல்வந்தர் வாழும் தனியார் குடியிருப்பாக மாறியது. 350 ஆண்டு நினைவாக 1999 இல் அங்கு சென்று நினைவுக்கல் நாட்ட முயன்றவர்கள் நீதிமன்ற ஆணையால் வெளியேற்றப்பட்டனர்.

வேலியடைப்பின் பெருங்காலம் இதற்குப் பின்னரே வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் அது தனிச்சட்டங்கள் மூலம் நிகழ்ந்தது. 1604 முதல் 1914 வரை நிறைவேறிய இத்தகைய சட்டங்கள் 5,200 இற்கும் மேற்பட்டவை. அவற்றால் வேலியடைக்கப்பட்ட நிலம் ஏறக்குறைய 68 இலட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தின் பரப்பில் ஐந்திலொரு பங்கு. 'கொமன்ஸ்' என்ற சபையே 'கொமன்ஸ்' என்ற நிலங்களை ஒழித்தது என்பது வெறும் சொற்சிலேடையன்று. சம்மதம் ஆட்களின் தொகையால் அன்றி நிலத்தின் பெறுமதியால் கணிக்கப்பட்டது. ஊரின் பெரும்பகுதி நிலத்தை உடைய சிலர் இணங்கினால் எஞ்சிய நூறு குடும்பத்தின் மறுப்புச் செல்லாது. சிறு உரிமையாளர்க்கு ஈடாகத் துண்டு நிலம் கிடைத்தது. அதற்கு வேலியிடும் செலவைத் தாங்கமாட்டாது அதனை விற்றோர் பலர். உரிமையை எழுத்திற் காட்ட இயலாது வழக்கத்தால் மட்டும் விறகு பொறுக்கியோர்க்கு அதுவும் இல்லை.

இதனால் விளைச்சல் பெருகியது என்பதையும் மறுத்தலாகாது. கமண்ட் தம்பதியர் 1911 இல் எழுதிய நூல் வேலியடைப்பைக் கொள்ளையெனவே சித்திரித்தது. சேம்பர்ஸ், மிங்கே ஆகியோர் 1966 இல் அதனை மறுத்து, இழப்பு மிகைப்படுத்தப்பட்டது என்றனர். 1993 இல் ஜே. எம். நீசன் நூல் வெளிவந்தபின் வாதம் மீண்டும் உழவர் பக்கம் சாய்ந்தது. ஆயினும் அக்காலத்துச் சாட்சி ஒன்று எல்லாவற்றிலும் வலுவானது. வேலியடைப்பின் பிரசாரகராக நெடுங்காலம் உழைத்த ஆதர் யங், 1801 இல் தம் கருத்தை மாற்றிக்கொண்டு, இருபது சட்டங்களில் பத்தொன்பதில் ஏழைகள் பாதிக்கப்பட்டனர் என எழுதினார். எதிர்த்தோர் கூற்றிலும் இயக்கியோர் ஒப்புதலுக்குப் பெறுமதி அதிகம். நோதாம்ரன் பகுதியின் கெல்ப்ஸ்ரன் கிராமம் 1809 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வேலியடைக்கப்பட்டபோது அவ்வூர்க் கூலியாளின் மகன் ஜோன் கிளயர் பதினாறு வயதினர். பின்னர் அவர் புகழ்பெற்ற கவிஞரானார். மறைந்த பொதுவெளி அவர் கவிதைகளில் மீளமீள வருகின்றது.

இக்காலத்தின் நடுவில், 1755 இல், சாமுவேல் ஜோன்சனின் அகராதி வெளிவந்தது. 'கொமன்' என்பதற்கு அவர் தரும் பொருள்களுட் சில கூர்ந்து நோக்கத்தக்கவை. பலர்க்கு ஒப்ப உரியது என்பது ஒன்று. உடைமையாளர் எவரும் அற்றது என்பது மற்றொன்று. சிறப்பற்றது, இழிந்தது, எளிதிற் கிடைப்பது, குடிப்பிறப்பற்றது என்பன தொடர்ந்து வருகின்றன. இவற்றுள் இழிபொருள்களைவிட வரலாற்று நோக்கில் பாரதூரமானது 'உடைமையாளர் அற்றது' என்பதே. சட்டம் அறிந்த எவனும் ஆங்கிலப் பொதுவெளியை அவ்வாறு விவரிக்கமாட்டான். அது உரிமைகள் செறிந்த நிலம். உரிமை அற்ற நிலமன்று. ஆனால் படித்தோர் வழக்கில் ஒரு கருத்து வேரூன்றிவிட்டது. பலர்க்கு உரியதும் எவர்க்கும் உரியதல்லாததும் ஒன்றே என்ற எண்ணம் நிலைபெற்றபின், அதனை எடுத்துக்கொள்பவன் எவரிடமிருந்தும் எடுப்பவனாகத் தோன்றமாட்டான். அதிலே வாழ்ந்தவர்களைச் சோம்பேறிகள், களவெடுப்போர் எனப் பிரசுரங்கள் பழித்தன. 'உடைமையாளர் அற்றது', 'இழிந்தது' என்ற இரு பொருள்களும் இவ்வாறு ஒன்றையொன்று தாங்கின.

இவ்வெண்ணம் குடியேற்ற நாடுகளிலும் ஆட்சிக்கு உதவியது. இலங்கையில் 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடுகளும் தரிசுகளும் குடியில்லாத, பயிரிடப்படாத நிலங்களும் மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என ஊகித்தது. கண்டிப் பிரதேசங்களில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே பயிர்செய்யும் சேனைகளுக்கும் அரச உறுதியோ வரி செலுத்திய சான்றோ காட்டவேண்டியிருந்தது. கோப்பித் தோட்டங்களுக்கு நிலம் தேடிய காலம் அது. இங்கிலாந்தில் ஊருக்கு ஒன்றாகச் சட்டமியற்றிச் செய்த காரியம் இங்கு ஓர் ஊகத்தால் நிறைவேறிற்று.

அதே நூற்றாண்டில் ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு இன்றுள்ள கூர்மையான வசைப்பொருள் வழக்கில் ஊன்றியது. பேச்சாலும் உடையாலும் உணவருந்தும் முறையாலும் ஒருவரைக் கீழ்த்தரத்தினர் எனச் சுட்டும் பொருள் அது. இதனைப் பெரிதும் கையாண்டோர் பிரபுக்கள் அல்லர். அவர்களுக்கு அதன் தேவை இருக்கவில்லை. உழைப்பாளர் குடும்பங்களிலிருந்து ஒரு படி உயர்ந்து, மீண்டும் இறங்கிவிடுவோமோ என அஞ்சிய நடுத்தர வகுப்பினர்க்கே இச்சொல் உகந்த கருவியாயிற்று.

சொல் இழிவை நோக்கியே சென்றது எனக் கொள்ளுதலும் தவறாகும். அரிஸ்தோத்தில் ஐம்புலன்களையும் ஒருங்கிணைக்கும் அகப்புலனைக் குறித்த தொடர் இலத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, எவரிடமும் இயல்பாக அமைந்த நல்லறிவு என்ற பொருளைப் பெற்றது. அபடீனில் கற்பித்த தோமஸ் றீட் 1764 இல் இதனை ஒரு தத்துவத்தின் அடிப்படையாக்கினார். 1776 சனவரியில் பிலடெல்பியாவில் தோமஸ் பெயின் வெளியிட்ட சிறுநூலுக்கு இத்தொடரே தலைப்பாயிற்று. மன்னராட்சியின் நியாயத்தைச் சாதாரண மனிதனின் அறிவே தீர்ப்பிடலாம் என்பது அத்தலைப்பிலேயே அடங்கியிருந்தது. 'கொமன்' என்பது இழிவாயின் அந்நூல் அத்தனை கைகளுக்குச் சென்றிராது.

நிலத்திலும் எஞ்சியதைக் காக்கும் முயற்சி பின்னர் எழுந்தது. 1865 இல் பொதுவெளிகளைப் பாதுகாக்க ஒரு சங்கம் இலண்டனில் நிறுவப்பட்டது. எப்பிங் வனத்தில் தோமஸ் விலிங்கேல் என்ற முதிய தொழிலாளி வேலியையும் பொருட்படுத்தாது குளிர்கால விறகுக்காகக் கிளைகளை வெட்டும் ஊர் உரிமையை நிலைநாட்டினார்; அவர் குடும்பத்து இளைஞர் சிறை சென்றனர். இலண்டன் மாநகர ஆட்சி தொடுத்த வழக்கில் 1874 இல் வேலிகள் சட்டவிரோதமெனத் தீர்ப்பாயிற்று. 1878 ஆம் ஆண்டுச் சட்டம் வனத்தை மக்களின் உல்லாசத்துக்கும் பொழுதுபோக்குக்குமெனக் காத்தது. எனினும் அச்சட்டம் கிளை வெட்டும் உரிமையை ஈடு கொடுத்து நீக்கியது. இலவுற்றன் ஊரில் அந்த ஈட்டுப் பணத்தால் எழுந்த மண்டபம் இன்றும் கிளைவெட்டும் தொழிலின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. வனம் பிழைத்தது, விறகு போயிற்று. அன்றுமுதல் நகர மக்களுக்குக் 'கொமன்' என்பது உலாவும் வெளி; அடுப்போடும் மாட்டோடும் அதற்கிருந்த தொடர்பு விலகிவிட்டது. இங்கிலாந்தின் நிலப்பரப்பில் பொதுநிலமாக இன்று எஞ்சியிருப்பது நூற்றுக்கு 3 வீதம் வரையிலாகும்.

இருபதாம் நூற்றாண்டில் 'கொமன்வெல்த்' என்ற பழைய சொல் பேரரசின் எச்சங்களுக்குப் பெயராயிற்று. 1949 ஆம் ஆண்டின் இலண்டன் பிரகடனத்தில் இலங்கை உட்பட எட்டு நாடுகள் பங்குகொண்டு, குடியரசாகும் இந்தியாவும் அதில் நீடிக்க வழிசெய்தன. இலங்கைத் தமிழில் அதற்குப் 'பொதுநலவாயம்' என்ற பெயர் அமைந்தது. மன்னனைக் கொன்றவர்கள் சூடிய பெயரை மன்னனைத் தலைமையாகக் கொண்ட அமைப்பு சூடியது குறித்து இலண்டனில் எவரும் கூச்சப்பட்டதாகத் தெரியவில்லை.

1968 இல் அமெரிக்க உயிரியலாளர் கரற் கார்டின் எழுதிய ஒரு கட்டுரை இச்சொல்லை மீண்டும் உலக விவாதத்துக்குக் கொணர்ந்தது. எல்லோர்க்கும் திறந்த ஒரு மேய்ச்சல் வெளியை அவர் கற்பனை செய்தார். ஒவ்வொருவனும் தன் நலங் கருதி ஒரு மாட்டை மேலும் விடுவான். இறுதியில் வெளி அழியும். ஆகவே பொதுநிலம் என்பதன் முடிவு அழிவே என்றார். அக்கற்பனை வெளியில் கிராம மன்று இல்லை, தண்டம் இல்லை, மாட்டுக்கு எண்ணிக்கை வரம்பும் இல்லை. ஜோன்சன் அகராதியின் 'உடைமையாளர் அற்றது' என்ற பொருளே அது. கடலையும் வளிமண்டலத்தையும் பொறுத்தவரை கார்டினின் எச்சரிக்கை வலிமையுடையதே. நோபோக் உழவரைப் பொறுத்தவரை அது பொருந்தாது. மேய்ச்சல் வெளிகள், நீர்ப்பாசனங்கள், மீன்பிடித் துறைகள் ஆகியவற்றை மக்கள் தம் விதிகளாலேயே நீண்டகாலம் காத்து வந்த உண்மைச் சான்றுகளை எலினோர் ஒஸ்ரம் 1990 இல் வெளியிட்ட நூலில் தொகுத்தளித்தார். 2009 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதற் பெண்மணி அவரே. கார்டினும் 1994 இல் எழுதிய ஒரு சிறுகட்டுரையின் தலைப்பில், பராமரிப்பற்ற பொதுநிலம் என ஓர் அடைமொழியைச் சேர்த்துத் தம் கூற்றைத் திருத்திக்கொண்டார். அதற்குள் இருபத்தாறு ஆண்டுகள் கழிந்திருந்தன. அடைமொழியற்ற பழைய தலைப்பே பாடநூல்களில் இடம்பிடித்துவிட்டது.